காது வெட்டிய ஆடுகள்

அப்பாவுக்கு,

முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட நம் தோட்டத்துக் கோயில் ஆடுகளை விற்றவர் நீங்கள்தான். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

இங்கே ஜொகூரில், எங்கள் உறைந்த இறைச்சிக் கம்பெனி தன் வரலாற்றைச் சுவரில் படங்களாக மாட்டியிருக்கிறது. "பீடோரில் வாங்கிய முதல் ஆடுகள்" என்ற நம்மூர்ப் படத்தில் எல்லா ஆட்டுக்கும் நேர்த்திக்கடனுக்காக வெட்டிய இடது காது. கயிறு உங்கள் கையில். "மச்சான், ஒங்கப்பா ஸ்டார்லா!" என்றான் கூட வேலை செய்யும் ஷர்வின். நானும் சிரித்துவைத்தேன்.

ஆடுகளைத் திருடியவர் பூசாரி சன்னாசி மாமா என்று சொல்லித்தானே என்னை வளர்த்தீர்கள்? கம்பெனிக்கு வரலாறு, அவருக்குத் திருடன் பட்டம். போனில் கேட்டேன், வைத்துவிட்டீர்கள்.

குளிரறையில் கால் மரத்துப்போகிறது. தடித்த காலுறையும் அம்மா போட்ட ஊறுகாயும் அனுப்புங்கள். வேலைக்கு வேன் வந்துவிட்டது.

சுரேன்

பி.கு.: ஊரைவிட்டுப் போன சன்னாசி மாமா இன்னும் கோப்பெங்கில்தான் இருக்கிறார். போய் உண்மையைச் சொல்லுங்கள்.