எடுத்த அரிசி

அண்ணாச்சி,

இன்று காலை வீட்டுக்கார அம்மா அரிசிப் பானையைத் திறந்தார்கள். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் கலந்த வாசனை அடுக்களையைத் தாண்டி நான் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் வந்தது. கையில் பேனாவோடு அப்படியே இருந்துவிட்டேன். சாத்தான்குளம் பக்கம் மழைக்கு முன்னால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் அரிசியைக் கட்டி வைக்கிறார்கள். எனக்கு மட்டும் அது உங்கள் மாடி அறையின் வாசனை. நீங்கள் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்டதை இனி எழுதத்தான் முடியும்.

அந்த மார்கழி மழையில் தூத்துக்குடி தெருக்களில் படகு ஓடியது. நான் உங்கள் பகுதிக்கு கிராம நிர்வாக அலுவலராக வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தோம். வகுப்பறை, வராண்டா, மாடிப்படி எங்கும் ஆட்கள். முதல் நாள் ரொட்டியும் பாலும் கொண்டு சமாளித்தோம். இரண்டாம் நாள் வரவேண்டிய அரிசி லாரி, ரோடு அறுந்துபோய் எங்கேயோ நின்றுவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை ஒன்று சாக்பீஸை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதன் தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது முகாமில் ஒருவர் சத்தம் போட்டார். "மாடி வீட்டு அண்ணாச்சி வீட்டுல மூட்ட மூட்டையா அரிசி கெடக்கு. ரெண்டு பேருக்கு எதுக்கு அம்புட்டு? நீங்க கேக்க மாட்டீகளா?"

நான் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "பதுக்கல்தானம்மா அது? போய் எடுத்திருங்க. பேப்பர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மீனவர் ஒருவர் ஓட்டிவந்த பைபர் படகில், தலையாரியையும் இரண்டு காவலர்களையும் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன்.

நீங்கள் மாடிப்படியில் நின்றிருந்தீர்கள். இடுப்பில் நனைந்த சாரம், கழுத்தில் ஜெபமாலை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் உங்கள் முகம் மாறவில்லை.

"இது எங்க வீட்டு அரிசி மட்டும் இல்லம்மா. பின்னால ஒம்பது வீட்டுக்காரன் அரிசி. உப்பளத்துல வேல பாக்குறவங்க. மழ மாசத்துல அவங்களுக்கு வேல கெடையாது. கோடையில வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா இங்கன கொண்டாந்து போடுவாங்க. இப்ப எடுத்துத் திம்பாங்க."

"அவங்க எங்க?"

"அங்கன, உப்பு மேட்டுக் கொட்டகையில நிக்காங்க. நாந்தான் கொண்டுபோய்க் குடுக்கணும்."

நீங்கள் கை காட்டிய திசையில் எனக்குத் தெரிந்தது மழை மட்டும்தான். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சொல்லும் கதை என்று நினைத்தேன். "இருந்தா முகாமுக்கு வந்திருப்பாங்கல்ல?" என்று கேட்டேன். உங்கள் மனைவி, அக்கா, அறை வாசலில் இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றி நின்றார்கள். நீங்கள்தான் அவர்களைத் தோளில் தொட்டு விலக்கினீர்கள்.

"எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க. அரசாங்கத்த நான் தடுக்க முடியாது. என்ன சட்டத்துல எடுக்கீங்க, எவ்வளவு எடுக்கீங்கன்னு ஒரு தாள்ல எழுதி மட்டும் குடுங்க."

என் நோட்டு நனைந்து கூழாகியிருந்தது. நனையாமல் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன், அண்ணாச்சி. பசியில் கிடக்கும் பிள்ளைகளுக்காக வந்தவளிடம் தாள் கேட்கிறாரே என்று கோபம்தான் வந்தது. பதினோரு மூட்டையில் பத்தை இறக்கினோம். படகுக்காரர் ஒரு மூட்டையையும் தொடவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கு ஒரு மூட்டை தாராளம் என்று சொல்லிவிட்டு நான் ஏறி வந்தேன்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சோறு வெந்தது. அந்தப் பிள்ளை சாப்பிட்டது. அதைப் பார்த்தபோது நான் செய்ததில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

லாரி வந்த பிறகு அறிக்கை கேட்டார்கள். அரிசி எப்படிக் கிடைத்தது என்ற இடத்தில், 'தாமாக முன்வந்து வழங்கினார்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாதம் திரும்புவதற்குள் பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் உங்கள் பெயரைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, சான்றிதழைக் கொடுத்தார்கள். நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுவதும் வாசித்தீர்கள். பிறகு மைக் பக்கம் குனிந்து, "நான் குடுக்கல. எடுத்தாங்க" என்று சொன்னீர்கள். சான்றிதழை மேசையில் வைத்து, சால்வையை மடித்து அதன்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனீர்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எவ்வளவு ஆங்காரம் பிடித்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்ததைக் கவனித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆட்சியர் அலுவலகத்து மனுக்கூட்டத்தில் நீங்கள் நின்றீர்கள். எப்போதும் ஒரே மனுதான். குடும்பம் ஆபத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கும் உணவை எடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டா, உண்டென்றால் எந்த ஆணையின்படி எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். பணம் கேட்கவில்லை. பதில் வராமலே போனதும் தகவல் உரிமையில் கேட்டீர்கள். 'கோரப்பட்ட ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று ஒரு வரி வந்தது. அந்த வரியைத் தயாரித்ததும் நான்தான்.

அன்றுதான் முதன்முறையாகச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். இருப்பு உச்சவரம்பு, பதுக்கல் என்பதெல்லாம் வியாபாரிகளைக் குறிவைத்து எழுதப்பட்டவை. வீட்டில் சொந்தச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் அரிசியை அந்தப் பெயரால் தொட முடியாது. பேரிடர் நேரத்தில் மீட்புப் பணிக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ள அரசுக்கு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு அதிகாரமுள்ளவரின் எழுத்து மூலமான ஆணை வேண்டும். எடுத்ததற்கு ஈடு தர வேண்டும். நீங்கள் படிக்கட்டில் நின்று கேட்ட ஒற்றைத் தாளைத்தான் சட்டமும் கேட்டிருந்தது.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். "அறிக்கையில் எழுதியதையே சொல்லுங்க, பிரச்சினை முடிஞ்சிரும்" என்று முந்தின நாள் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நானும் அப்படியே சொன்னேன். நீங்கள் எதிரில் இருக்க, கண் இமைக்காமல் சொன்னேன்.

அதிகாரி உங்களைப் பார்த்து, "ஐயா, முகாம்ல அத்தனை பிள்ளைங்க சாப்பிட்டிருக்கு. உங்களுக்கு நல்ல பேருதான வந்திருக்கு? இதுல என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

"பிள்ளைங்க சாப்பிட்டதுல எனக்கு வருத்தம் இல்ல சார். நான் குடுத்தேன்னு எழுதியிருக்குல்ல, அதான். அந்த ஒம்பது வீட்டுக்காரனும் அந்தச் சான்றிதழ் சேதியக் கேட்டுட்டான். அவன் மூணு நாளு மேட்டுல கஞ்சித் தண்ணியோட கெடந்தான். அவன் அரிசியத் தூக்கி நான் பேரு வாங்கிட்டேன்னு நெனைக்கான். கோட வந்துருச்சு. ஒரு வீட்டுக்காரனும் எங்கிட்ட அரிசி கொண்டாரல."

சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது. மீதி இருந்த அந்த ஒரு மூட்டையைக் கஞ்சியாக்கி, பிளாஸ்டிக் டிரம்மில் மிதக்கவிட்டு, நெஞ்சளவு தண்ணீரில் மூன்று நாளும் தள்ளிக்கொண்டு போனதை நீங்கள் சொல்லவில்லை. போகும் வழியில் தண்ணீருக்குள் கிடந்த தகரம் காலைக் கிழித்ததையும், சர்க்கரை நோயால் புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுத்ததையும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அக்காதான் பொறுக்க முடியாமல் உங்கள் செருப்பைக் கழற்றி, அந்தக் காலை அதிகாரியிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னார்கள்.

நான் எழுந்து நின்றேன். "சார், நான் முதல்ல சொன்னது பொய். அவர் குடுக்கல. ஆணை இல்லாம நான் எடுத்தேன். அது ஒம்பது வீட்டு அரிசின்னு அவர் அன்னைக்கே சொன்னார். நான் நம்பல" என்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள்.

என்மேல் குற்றக் குறிப்பாணை வந்தது. பிறகு சாத்தான்குளம் பக்கம் மாற்றினார்கள். நான் எதிர்த்து எதுவும் எழுதவில்லை.

இங்கே வந்த மூன்றாம் மாதம், திருச்செந்தூர் வந்து பஸ் மாறி, அந்தக் காலோடு நீங்கள் என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எழுந்து நின்றேன். பையிலிருந்து நெத்திலிக் கருவாட்டை எடுத்து மேசையில் வைத்தீர்கள்.

"நீ சொன்னத எழுதுன தாளு கைக்கு வந்துருச்சு தங்கச்சி. ஒம்பது வீட்டுலயும் வாசிச்சுக் காட்டுனேன். ஏழு வீட்டுக்காரன் அரிசி கொண்டாந்துட்டான். ரெண்டு பேரு வரல. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல."

அன்றைக்குத்தான் உங்கள் தோணிக் கதையைச் சொன்னீர்கள். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில் நீங்கள் சமையல்காரர். நடுக்கடலில் இஞ்சின் நின்று, காற்று இழுத்த பக்கம் தோணி போனது. அரிசியை அளந்து போட்ட கை உங்களுடையது. கடைசியில் ஒரு குவளைக் கஞ்சிக்காக, அண்ணன் தம்பியாகப் பழகிய இரண்டு பேர் கத்தியை எடுத்துவிட்டார்கள் என்றீர்கள். கரை சேர்ந்த பிறகு நீங்கள் கடலுக்குப் போகவில்லை. அரிசி சேர்க்க ஆரம்பித்தீர்கள்.

அதன்பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது பார்த்துக்கொண்டோம். கேட்கவேண்டிய ஒன்றைக் கேட்க எனக்குத் தைரியம் வர வெகுநாள் ஆனது. போன பங்குனியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் சாய்ந்திருந்தபோதுதான் கேட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் முறையா வந்து, கைகூப்பிக் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

'குடுத்திருப்பேன்' என்று சொல்வீர்கள் என்றுதான் காத்திருந்தேன்.

"குடுத்திருக்க மாட்டேன் தங்கச்சி. அது எனக்குக் குடுக்க உரிமையுள்ள அரிசி இல்லல்லா?" என்றீர்கள். பிறகு, "அங்கன எல்லாருக்கும் சோறு பத்துச்சா?" என்று கேட்டீர்கள்.

"மத்தியானம் பத்துச்சு. மறுநாள் சாயங்காலம் பத்தல."

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அண்ணாச்சி, நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள். நான் எடுக்காமல் இருந்திருந்தால் முகாமில் அந்தப் பிள்ளை பட்டினி கிடந்திருக்கும். எடுத்ததால் மேட்டில் இருந்த பிள்ளைகள் அரைப்பட்டினி கிடந்தன. இந்த இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வர என்னால் முடியவில்லை. இனியும் முடியும் என்று தோன்றவில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டது. இங்கேயும் வானம் கருக்கிறது. இன்னொரு வீட்டு வாசலில், இன்னொரு முகாமின் பசியோடு நான் நிற்க நேரலாம். அப்போது எடுப்பேனா, திரும்பிவிடுவேனா என்று உண்மையிலேயே எனக்குத் தெரியாது. எடுத்தால், எடுத்தேன் என்று எழுதுவேன்.