மூக்கில் முடி இருந்தவனுக்கு

மாமு,

இன்றைக்கு வண்டி சீட்டைக் கழற்றி இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் ஏர் பாக்ஸைத் திறந்தேன். பெட்ரோல், பழைய ரப்பர், சாம்பல் எல்லாம் கலந்த அந்த நாற்றம் குப்பென்று வந்தது. அதன் வாயில் உன் மாஸ்க், கரியில் புரண்ட பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. பேச ஆள் கிடைத்துவிட்டான் என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் எர்ணாவூருக்கு நான்தான் சக்கரவர்த்தி, ஞாபகம் இருக்கிறதா? வண்டி சிங்கம் மாதிரி உறும வேண்டுமென்று, அதோடு வந்த ஏர் பாக்ஸைப் பரணில் எறிந்துவிட்டு, திறந்த ஃபில்டர் ஒன்றை மாட்டினேன். முறுக்கினால் துறைமுகத்துக் கப்பலெல்லாம் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஓடும். ராயபுரத்தில் ஐஸில் கிடக்கும் வஞ்சிரம் எழுந்து உட்காரும். அந்த ராஜபோகம் அடுத்த மழைவரைகூட நிலைக்கவில்லை. வண்டி நீலமாகப் புகை கக்கியது. பாலம் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. மெக்கானிக் பிரித்துக் காட்டினான்: சிலிண்டருக்குள் கோடுகோடாகக் கீறல்.

எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிக்கு லோடு அள்ளுகிறவன் நீ. அந்தக் கீறலை விரலால் ஒரு தடவு தடவினாய். அவ்வளவுதான்.

"இன்னா மாமு, ஏரோப்ளேனா ஓட்டப் போறே? வாயத் தொறந்து வுட்டுக்கினு இந்த ஊர்ல சுத்துறியே, அது இன்னாத்தத் துன்னுது தெரியுமா? சாம்பலு!"

சிலிண்டரைச் சரிசெய்து வந்ததும் நீ வேலையில் இறங்கினாய். புதிதாக எதையும் வாங்க விடவில்லை. பரணிலிருந்து பழைய ஏர் பாக்ஸை இறக்கினாய். காயலான் கடையில் வேறொரு வண்டியின் ரப்பர் குழாயைப் பிடுங்கி வந்தாய். சக்கரத்துப் பக்கம் தொங்கிய அதன் மூக்கைத் திருப்பி, சீட்டுக்கு அடியில் மேல்நோக்கி நிறுத்தினாய். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து அந்த வாயில் இழுத்துக் கட்டினாய். வேலையில் சேர்ந்தபோது காண்ட்ராக்டர் உனக்குக் கொடுத்த மாஸ்க். அதற்கப்புறம் இன்னொன்று அவர் கொடுக்கவே இல்லை.

உன் பெண்டாட்டி பார்த்துவிட்டாள். "யோவ், அத உன் மூஞ்சில கட்டத்தானே குட்த்தாங்க?"

"எனக்கு மூக்குல முடி கீது. பாவம், வண்டிக்கு இன்னா கீது?"

சிரித்தோம். தெருவே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தோம். அவள்கூடச் சிரித்தாள்.

அப்புறம் நீ இரும ஆரம்பித்தாய். முதலில் டீக்கடையில், அப்புறம் படி ஏறும்போது, கடைசியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. கேட்டால், "நம்ம இன்ஜின் கொஞ்சம் மிஸ் அடிக்குது மாமு" என்பாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் சிகரெட் உண்டா என்று கேட்டார். "ஊதுவத்தி கொளுத்தினாலே திட்டுவாரு சார்" என்றாள் உன் பெண்டாட்டி. டாக்டர் உன் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்க வேலை?" என்று மட்டும் கேட்டார்.

உன் சாவுக்குக் காண்ட்ராக்டர் வந்தார். எண்ணூர் முகத்துவாரத்தையே குறுக்கே கட்டி அடைக்கலாம், அவ்வளவு பெரிய மாலை. போட்டு முடித்து உன் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "மாஸ்க் குடுத்தோமேம்மா. அவர்தான் போட்டுக்கல. நாங்க இன்னா பண்ண முடியும்?"

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எழுந்து தெருவுக்குப் போனேன். பந்தலுக்கு வெளியே நின்ற வண்டியின் சீட்டைக் கழற்றி, மாஸ்க்கை அவிழ்த்து எடுத்து வந்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"சார், நீங்க குட்த்தது இதான். இந்தக் கறுப்பு, மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர்ற வண்டி இஸ்த்த காத்துல வந்தது. லாரி மேல நின்னு அள்ளுனவன் இன்னா இஸ்த்திருப்பான், நீங்களே சொல்லுங்க."

ஒரு உதறு உதறினேன். அவர் இரண்டடி பின்னால் போய், பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் தன் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்படியே பொத்திக்கொண்டே காரில் ஏறினார். ஜமீன்தார் வீட்டு நகைப்பெட்டிகூட அவ்வளவு பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருக்காது, அவர் மூக்கு போய்ச் சேர்ந்தது.

மாஸ்க்கைத் திரும்ப வண்டியிலேயே கட்டினேன். அவ்வளவுதான் மாமு நமக்குக் கிடைத்த நியாயம். உன் இடத்தில் இப்போது வேறொருவன் நின்று அள்ளுகிறான். அவனுக்கும் ஒரு மாஸ்க் கொடுத்திருப்பார்கள்.

போன வாரம் புது மெக்கானிக் ஒருவன் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தான். "சிலிண்டர் கண்ணாடியாட்டம் கீதுண்ணா, ஒரு தூசு உள்ள போவல. யாரு பண்ண வேலை?" என்றான். காசைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். உலகத்தில் எவனாவது தோஸ்தின் வண்டிக்குத் தன் மூக்கைக் கழற்றிக் கொடுப்பானா?

இன்று அந்த மாஸ்க்கைச் சோப்புப் போட்டு அலசினேன். தண்ணீர் கறுப்பாக ஓடியது. எத்தனை அலசினாலும் முழுசாக வெளுப்பதில்லை. வெயிலில் காயவைத்து, நீ கட்டிய மாதிரியே இழுத்துக் கட்டி, சீட்டை மூடினேன். ஒரே உதை. இருமல் இல்லை, புகை இல்லை. நன்றிகெட்ட வண்டி, சுத்தமாக மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது.