பதினோரு நாள் வழிக்குப் பத்து நாள் கெடு

நலம் பெருகுக. கடலே வேலியாகவும் உப்பே விளைவாகவும் உடைய நெடுங்கழி நாட்டுக் கோ நன்கரையர் திருவாய்மொழிந்தபடி, ஆடிவணிகர் குழுவின் தலைவர், எட்டிப்பட்டம் பூண்ட மாநாய்கர் வேளங்கண்ணனார் காண விடுத்த ஓலை. தங்கள் பண்டசாலைகள் நிறைக. தங்கள் வண்டிமாடுகள் நோயின்றி வாழ்க.

ஊர்தோறும் தாங்கள் நிறுத்திய சந்தை ஆடி என்னும் கண்ணாடியில் பண்டத்தின் உருவம் தெரிவதும், வேண்டுவோர் அதை விரலால் தொட, சில நாளில் பண்டம் வாசலுக்கே வந்து சேர்வதும் இந்நாடு கண்ட வசதிதான். வேந்தர் அதைக் குறை சொல்லவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

வெள்ளளக்கரையில் உப்பு வாரும் சேந்தி என்பாள், பாதம் வெடித்து, வெடிப்பில் உப்புநீர் ஏறி, நிற்கவும் மாட்டாமல், ஆடியில் தெரிந்த தோல்காலணியைத் தொட்டாள். வந்தது, விரல் ஐந்தும் உள்ளே போக மறுத்தன. திருப்பிவிடலாமென்று ஆடியைத் தடவித் தடவிப் பார்த்தாள். ‘கொள்க’ என்ற சொல் உள்ளங்கை அகலம் இருந்தது. ‘திருப்புக’ என்பதோ மூலையில் கடுகளவு. அதன் கீழே, பத்து நாளுக்குள் மாடநகர் வாசலுக்கு நேரில் வருக, அணிந்த பண்டம் ஏலாது என்றிருந்தது.

மாடநகர் பதினோரு நாள் வழி. அது அவளுக்குத் தெரியும். வேகமாக நடந்தால் ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாமென்று புறப்பட்டாள். போட்டால் பழசென்பார்களே என்று காலணியைத் தலையில் வைத்துக்கொண்டு, வெடித்த வெறுங்காலோடு நடந்தாள். மூன்றாம் நாள் முள். ஏழாம் நாள் சீழ். பதினோராம் நாள் உச்சிப்பொழுதில் மாடநகர் வாசலில் வந்து நின்றவளைக் கண்டு தங்கள் வாயிற்காவலர், காலுக்கு வாங்கியதைத் தலைக்கு மாட்டினால் அளவு எப்படியம்மா சேரும் என்று நகைத்தாராம். போட்டால் பழசென்பீர், போடாவிட்டால் பைத்தியமென்பீர், எதுவென்று ஒரு முடிவுக்கு வந்து சொல்லுங்கள் ஐயா, அதுவரை உட்கார்ந்துகொள்கிறேன் என்று அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். கெடு நேற்றோடு போயிற்று என்பதே கிடைத்த விடை.

அவையில் இதைக் கேட்ட வேந்தர் பழைய விதியை மாற்றினார்.

ஆகவே, இவ்வோலை கண்ட நாள் முதல், எந்த ஆடியைத் தொட்டு வாங்கினாரோ அதே ஆடியை அதே விரலால் தொட்டே எவரும் திருப்பலாம். இரு சொல்லும் ஒரே அளவில் பொறிக்கப்படக் கடவன. கெடு முப்பது நாள். வீட்டில் போட்டுப் பார்த்தது அணிந்ததாகாது. கொண்டுவந்த வண்டியே திரும்பவும் கொண்டுபோகும். அந்தச் சுமை வாங்கியவர் தலையில் ஏறாது. மீறுவோரின் ஆடி துணியிட்டு மூடப்படும்.

சேந்தி இப்போது மருத்துவச்சாலையில் படுத்திருக்கிறாள். எழுந்ததும் தங்கள் வண்டியில், புதுக் காலணியோடு ஊர் போய்ச் சேர வேண்டும் என்பது கட்டளை. அளவு கேட்டு ஆள் அனுப்ப வேண்டாம். இவ்வோலையின் ஏடுகள் அவள் பாதத்தின் நீளத்துக்கு நறுக்கியவை. கட்டியிருக்கும் நூல் பாதத்தின் சுற்றளவு. புண்ணுக்குக் கட்டுப் போட்டிருப்பதால் ஒரு விரற்கடை தளர்த்தித் தைப்பிக்கவும்.

நண்டு இலச்சினை இட்டது. இவை ஓலை எழுதும் கொற்றன் எழுத்து. சின்னப் பாதம், ஏட்டில் இதற்குமேல் இடமில்லை.