வாட்ச் காட்டிய சிவப்பு

அன்பு மகள் சுமித்ராவுக்கு,

நைனா எழுதுகிறேன். நகரியில் நானும் உன் அம்மாவும் சுகம், மாந்தோப்பும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஏழுமலையானை வேண்டிக்கொள்கிறேன். திருப்பதி டாக்டர் என் இதயத்தைச் சோதித்துவிட்டு எல்லாம் சரி, உப்பை மட்டும் குறை என்றார், அன்றிலிருந்து உன் அம்மா வைக்கும் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. நீ கொடுத்த வாட்சைக் குளிக்கும்போது தவிர கழற்றுவதில்லை. தோப்புக்கு ஆள் வராத நாளில் நான் டென்ஷன் ஆனால் அது நாடித் துடிப்பைப் பார்த்துச் சிவப்பு காட்டுகிறது, உடனே நீ அங்கிருந்து கோபப்படாதே நைனா என்று போன் செய்துவிடுகிறாய்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய் அம்மா. என் வாட்ச் உன் போனில் தெரிகிற மாதிரி உன் வாட்சும் என் போனில் தெரிகிறது, லீவில் இங்கே வந்தபோது நீதான் இரண்டையும் சேர்த்து வைத்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் பேசும்போது உனக்குச் சிவப்பு வருவதைப் பார்த்து ஆபீஸ் தொல்லை என்று நினைத்தேன். போன ஞாயிறு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு பேசினேன். மழை, மாங்காய், எருமை கன்று போட்டது எல்லாவற்றுக்கும் பச்சைதான். அத்தை மகன் சம்பத்துக்கும் உனக்கும் தை மாதம் நாள் பார்க்கலாமா என்றேன், சிவப்பு. நீயோ எப்போதும்போல உன் இஷ்டம் நைனா என்றாய். முறை மாப்பிள்ளை, அவனுக்குத்தான் நீ என்று நாங்கள் பேசிப் பேசியே உன்னை வாய் திறக்க விடவில்லை.

மறுநாளே சந்திரகிரிக்குப் பஸ் ஏறி, என் தங்கை வள்ளியிடம் வாட்சில் பார்த்ததைச் சொல்லி, பெண் கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். கையில மிஷினக் கட்டிக்கினு அது பேச்சைக் கேட்டுக்கினு என் மவனுக்குப் பொண்ணு இல்லன்றியாண்ணா என்று கத்தினாள், காபிகூடக் கொடுக்கவில்லை. சம்பத்துதான் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டு, பாத்துப் போ மாமா என்றான், நல்ல பிள்ளை. அன்று என் வாட்ச் சிவப்பாகவே இருந்ததற்குத் தோப்பில் தகராறு என்று உன்னிடம் பொய் சொன்னேன். போனில் இதைப் பேசினால் இரண்டு பேருக்கும் படபடப்பாகிவிடும் என்றுதான் கடிதம். வள்ளியின் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அவளுக்குப் போன் செய்து மன்னிப்பு எதுவும் கேட்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. நீ மனம்போல வாழ எங்கள் ஆசீர்வாதம். இது கிடைத்ததும் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு எனக்குப் போன் செய். சம்பத் வேண்டாம் நைனா என்று ஒரு முறை நீயே சொல், அதை உன் வாயால் கேட்க வேண்டும் எனக்கு.

உன் நைனா,
கங்கையா