நடு விசிறியில் சந்தனம்

புரட்டாசி 9, வியாழன்

புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்த மழை அரியூர்ப் பக்கம் போய்விட்டது. கொலுவுக்கு மொச்சைச் சுண்டல், உப்பு ஒரு கல் கூட.

கோயில் தலைவர் ராமலிங்க மாமா வந்திருந்தார். அம்மன் கோயில் பேரில் வீடியோ சேனல் தொடங்குகிறார்களாம். விஜயதசமி காலை பத்து மணிக்கு முதல் பாட்டு. "ஒரே வூட்ல ரெண்டு பாட்டுக்காரி. நான் ஒருத்தர சொன்னா இன்னொருத்தருக்கு மனசு நோவும். நீங்களே பேசி ஒண்ண அனுப்பிடுங்கம்மா."

ரெண்டு பாட்டுக்காரி! பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்குப் பாடுகிறவள் நான். நித்யா என் கொழுந்தனாருக்கு வாக்கப்பட்டு வந்தே இரண்டு வருஷம். வீடு ஒன்று, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள்.

சாயங்காலம் பதிந்து பார்த்தேன். திரையில் அபிஷேகப் படம் ஓடும், பாட்டு வரி ஓடும், அதைப் பார்த்துப் பாட வேண்டும். இரண்டாம் வரி வருவதற்குள் கம்ப்யூட்டருக்குள் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு சூடாகி, அதன் விசிறி மூன்றும் கத்த ஆரம்பித்துவிட்டது. கேட்டுப் பார்த்தால் என் குரலுக்குப் பின்னால் கடகடகட. போனில் பதிந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல் இருக்கிறது.

இவர் ஷிப்ட் முடிந்து திருபுவனையிலிருந்து வந்ததும் வாசலிலேயே, "இன்னாடி, வூட்டுக்குள்ள நெல்லு மிஷினு வெச்சிட்டியா?"

சிரிக்கவில்லை நான்.

புரட்டாசி 10, வெள்ளி

வெயில். வீடு கழுவி, சாம்பிராணி போட்டேன்.

கணக்கு நோட்டின் பின்பக்கம் இன்று முதல் கார்டின் சூட்டுக் கணக்கு.
சும்மா இருக்கையில் 58 டிகிரி.
படம் ஓடுகையில் 84. விசிறி வேகம் நூற்றுக்கு 92.
ஜன்னல் திறந்து வைத்தால் 83. பிரயோசனமில்லை.
டேபிள் ஃபேனை நேராகத் திருப்பினால் 79. ஆனால் அதுவே ஒரு சத்தம்.

சுண்டல் கொடுக்கிற சாக்கில் நித்யா வீட்டுக்குப் போனேன். சாக்குதான், இங்கே என்ன மறைப்பது. அவள் கம்ப்யூட்டர் புதுசு, கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீல விளக்கு.

"ஆஃப் பண்ணி வெச்சிருக்கியா?"

"இல்லக்கா, ஓடிக்கினுதான் இருக்குது. கைய வெச்சிப் பாருங்க."

வைத்தேன். மெல்லிய காற்று, குழந்தை மூச்சு மாதிரி. அவ்வளவுதான். இவர் எனக்கு வாங்கித் தந்தது கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர் கேம் ஆடி ஆடித் தேய்த்தது. ஆனால் அதில் எடிட்டிங் முழுக்க நானே கற்றுக்கொண்டேன். ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. அதற்கு யார் மார்க் போடுகிறார்கள்.

புரட்டாசி 11, சனி

பெருமாளுக்குத் தளிகை. ஒரு வேளைச் சாப்பாடு. தலைவலி.

செய்து பார்த்தவை:
பூ வேலை செய்த உறையைக் கழற்றியது (நானே தைத்தது. பெட்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது).
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தது. 80.
விசிறி வேகத்தை மென்பொருளில் பாதியாகக் குறைத்தது. சத்தம் குறைந்தது, சூடு 89க்கு ஏறியது, அம்மன் முகத்தில் பால் வழிகிற இடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு பழையபடி மாற்றிவிட்டேன்.

கடகட மட்டும் எந்த வேகத்திலும் போகவில்லை. காற்றுச் சத்தம் வேறு, இது வேறு.

புரட்டாசி 12, ஞாயிறு

கறி கிடையாது, புரட்டாசி. கத்தரிக்காய்க் காரக்குழம்பு.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் நித்யா பாடிப் பழகினாள். அதே பாட்டு. நான்காம் வரியில் 'தாயே' என்று மேலே போகிற இடம். நான் ஏறுகிற இடம் அது. அவள் ஏறவில்லை, ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

மடித்த புடவையைத் திரும்ப மடித்தேன்.

தாயே, உன்னைக் கும்பிடுகிற வாயால்தான் சொல்கிறேன். அவளுக்கு ஜலதோஷம் பிடித்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துவிட்டேன். அபராதம்: நாளை காலை காபி இல்லை.

புரட்டாசி 13, திங்கள்

காபி இல்லை. மழை பத்து நிமிஷம். வேறொன்றும் நடக்கவில்லை.

புரட்டாசி 14, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர், இரண்டு குடம் நித்யா வீட்டிலிருந்து.

மின்சாரத்தை அணைத்து, வயரைப் பிடுங்கி, பக்கப் பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டி பூஜை அலமாரிக்குக் கீழேயே இருக்கிறது அல்லவா. வெள்ளிக்கு வெள்ளி சாம்பிராணிப் புகை அத்தனையும் உள்ளே. கார்டின் தகடு இடுக்கெல்லாம் கறுப்புப் பிசுக்கு, அதன்மேல் தூசு.

நடு விசிறியில், போன வருஷம் ஆயுத பூஜைக்கு நான் வைத்த பொட்டு. பொட்டா அது! பக்தி மிகுதியில் அப்பியிருக்கிறேன். சந்தனம் ஒரு இறக்கை மேல் வழிந்து, அப்படியே காய்ந்து கல்லாகி. ஒரு பக்கம் கனம் ஏறினால் சுற்றுகிறபோது ஆடாமல் என்ன செய்யும். கடகடவுக்குக் காரணம் நான்தான். ஒரு வருஷமாக.

சாமிக்கு வைத்ததைச் சுரண்டலாமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஈரத் துணியில் ஊறவைத்து எடுத்து, கால் படாத இடமாக நந்தியாவட்டைச் செடியடியில் போட்டேன். தகட்டுப் பிசுக்கைப் பெயின்ட் பிரஷ்ஷால், விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு. இரண்டரை மணி நேரம்.

படம் ஓடுகையில் 66. விசிறி 45. காதை வைத்துக் கேட்டேன். காற்று மட்டும்.

உடனே பாடிப் பதிந்துவிட்டேன். கேட்டேன். சத்தம் துளி இல்லை. 'தாயே'யில் குரல் உடைகிறது. இத்தனை நாள் விசிறி மூடி வைத்திருந்தது, இப்போது அப்பட்டமாகக் கேட்கிறது. ஏழு தடவை பாடினேன். ஏழிலும் உடைகிறது.

புரட்டாசி 15, புதன். ஆயுத பூஜை

பொரி, அவல், கடலை. அரிவாள்மணை முதல் இவர் வண்டி வரை கழுவிப் பொட்டு. பூஜையில் வைத்ததை நாளைக் காலை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. ஆகையால் இரண்டு வீட்டிலும் கம்ப்யூட்டர் போடவில்லை. நாளை காலை பதிகிறாளாம் நித்யா; இரண்டில் நன்றாயிருப்பதை அனுப்புவதாகப் பேச்சு.

என் பெட்டிக்கு வெளியே, மேல் மூலையில் மட்டும் பொட்டு.

நித்யா வந்து கூப்பிட்டாள். "எங்களுதுக்கும் நீங்களே வைங்கக்கா. உங்க கைதான் ராசி." கண்ணாடியை அவளே கழற்றினாள். "எங்கக்கா வைக்கறது?"

கையில் சந்தனக் கிண்ணம். எனக்குத் தெரியும் எங்கே வைக்கக்கூடாது என்று.

நடு விசிறியில் வைத்தேன். ஓரமாக. அழுத்தி. அதன்மேல் குங்குமம்.

"அழகா இருக்குதுக்கா," என்றாள்.

தெரிந்தே செய்தேன். எழுதி வைக்கிறேன்.

புரட்டாசி 16, வியாழன். விஜயதசமி

மேகமூட்டம். மறுபூஜை ஆறரைக்குள் முடிந்தது.

ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கடகடகட. சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தேன். முதலில் தித்தித்தது. பொய் எழுத மாட்டேன், தித்தித்தது. அப்புறம் பாட்டு ஆரம்பித்து நின்றது. திரும்ப ஆரம்பித்து நின்றது. கடைசியில் கதவுச் சத்தம்.

"அக்கா, இன்னான்னே தெர்ல, ஒரே சத்தமா கீது. முந்தாநேத்து வரைக்கும் நல்லாதான் இருந்துச்சி. உங்க வூட்ல பாடிக்கட்டுமா?"

இடமில்லை என்று எப்படிச் சொல்வது. என் நாற்காலியில் உட்கார்ந்தாள், நான் பொத்தானை அழுத்தினேன். 64. ஒரே தடவை. மேலே அந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வந்ததற்கும் எரிச்சல்.

"நல்லா வந்துதாக்கா?"

"ம்."

"ரெண்டுல நல்லாருக்கறத நீங்களே அனுப்புங்க," என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் பூ கொண்டு போனாள்.

இரண்டையும் கேட்டேன். என்னுடையதில் சத்தம் இல்லை, பாட்டும் இல்லை. 8.40க்கு அவளுடையதை அனுப்பினேன், பாடியவர் நித்யா என்று எழுதி.

பிறகு ஈரத் துணியோடு அவள் வீட்டுக்குப் போய், வயரைப் பிடுங்கிக் கண்ணாடியைக் கழற்றினேன். பாதி துடைத்திருப்பேன். பின்னால் நிழல்.

"வெச்ச பொட்ட ஏன்க்கா தொடைக்கிறீங்க?"

துணியைப் பின்னால் மறைத்தேன்.

"உங்க மிஷினு சத்தம் எனக்கு ஒரு வருஷமா சுவத்தத் தாண்டி கேக்கும். செவ்வாக்கிழம நின்னுபோச்சி. இன்னா பண்ணி நிறுத்தனீங்க?"

சொன்னேன். சந்தனம், இறக்கை, நேற்று வைத்தது, தெரிந்தே வைத்தது. எல்லாம்.

என் கையிலிருந்து துணியை வாங்கி மீதியை அவளே துடைத்தாள். கண்ணாடியை மாட்டினாள். திருகு நான்கையும் ஒவ்வொன்றாக.

"பாட்டு அனுப்பிட்டீங்களா?"

"உன்னுதுதான்."

ஈரத் துணியை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"அடுத்த வருஷம் பொட்டு நானே வெச்சிக்கறேன்க்கா."