மூடிகள் மட்டும் குறைந்த கரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்பாய். போனில் பேசினால் உன் அம்மாவின் ஒரு காது இந்தப் பக்கமே இருக்கும். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று விசாரிக்க வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிறு நான் கடற்கரையில் குப்பை எண்ணுவது உனக்குத் தெரியும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே நூறு மீட்டர், அங்கே கிடப்பதையெல்லாம் பொறுக்கிப் பாட்டில் இத்தனை, மூடி இத்தனை, வலைத்துண்டு இத்தனை என்று படிவத்தில் எழுதிக் கடல் ஆய்வு அலுவலகத்துக்கு அனுப்புவேன். நான்கு மாதமாக அதில் ஒரு விநோதம். பாட்டில் குறையவில்லை, மூடி மட்டும் இருநூறிலிருந்து பதினொன்றுக்கு இறங்கிவிட்டது. கட்டுரை முழுக்கப் பிழையோடு எழுதுகிற பிள்ளை சொல்வதெழுதுதலில் மட்டும் முழு மதிப்பெண் வாங்கினால் பக்கத்து பெஞ்சைத்தானே பார்ப்போம், நானும் அப்படித்தான் பார்த்தேன். முதலில் கரையோர ஓட்டல்காரர்கள் மேல் சந்தேகப்பட்டேன். ஆனால் கண்ணை உறுத்தும் பாட்டிலை விட்டுவிட்டு மணலில் புதைந்த மூடியை அவர்கள் ஏன் எடுக்க வேண்டும்? பிறகு வலை பின்னுகிறவர் மேல். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன வாத்தியாரே, இன்னைக்குக் கடலுக்கு எத்தனை மார்க்கு?" என்று சீண்டுவார். ஆனால் அவர் எடுப்பதானால் வலைத்துண்டைத்தானே எடுத்திருப்பார், அது அப்படியே கிடக்கிறது.

இதை விளையாட்டாக விட முடியவில்லை மகளே. செத்து ஒதுங்கும் கடல்காகங்களை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் போன வாரம் ஒரு கிண்ணத்தை நீட்டினார். ஒரே பறவையின் வயிற்றிலிருந்து மூன்று மூடிகள். "உங்க கணக்குக்கும் என் கத்திக்கும் ஒத்துப்போகலையே சார். உங்க கரையில மூடியே இல்லன்னா இது எங்க போய்த் தின்னுச்சு?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அலுவலகமோ என் படிவத்தை நம்பி, இங்கே சிறு குப்பை குறைந்துவிட்டது, மாதக் கடைசியில் இந்தக் கரையைக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடப் போகிறோம் என்று எழுதியிருக்கிறது. எடுத்துவிட்டால் இந்தப் பறவைகள் ஏன் சாகின்றன என்று கேட்க ஒருவரும் வர மாட்டார்கள்.

அதனால் இந்த ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். நடைப்பயிற்சிக்கு என்று கிளம்பிய உன் அம்மா கையில் துணிப்பையோடு என் நூறு மீட்டருக்குள் குனிந்துகொண்டிருந்தாள். பை நிறைய மூடி. "உங்களுக்குக் குனியறதாவது மிச்சமாகட்டுமேன்னுதான். பெருசை எடுத்தா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு விட்டு வெச்சேன்" என்றாள். நான்கு மாத மூடியும் குப்பை வண்டியில் போய்விட்டதாம். அவள்மேல் கோபம் வரவில்லை. ஆனால் முழங்கால் வலியைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விட்டதில்லை. ஐந்து மாதத்துக்கு முன், அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், போனில் உன்னிடம் மட்டும் சொன்னேன், அம்மாவிடம் சொல்லாதே என்றும் சொன்னேன். யார் சொன்னது என்று அவளைக் கேட்டால் "ஏன், எனக்குத் தெரியக் கூடாதா" என்கிறாள். மறுபடி கேட்டேன், பாத்திரம் கழுவும் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். இந்தச் சாமர்த்தியம் அவளுடையதாகத் தெரியவில்லை, சின்னதை எடு, பெரியதை விடு என்று யோசித்துச் சொன்ன மூளையை எனக்குத் தெரியும்.

அந்த நான்கு படிவங்களையும் ரத்து செய்யும்படி அலுவலகத்தில் கேட்டேன். "நீங்க சொன்னா மட்டும் போதாது சார், எடுத்தவங்களும் எடுக்கச் சொன்னவங்களும் எழுதித் தரணும்" என்றார் அங்கிருந்த எழுத்தர். உன் அம்மா எழுதிக் கொடுத்துவிட்டாள். அடுத்த மாதம் முதல் அவள் பொறுக்குவாள், நான் எழுதுவேன், கிளம்பும்போது அவள் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். திட்ட மாட்டேன், நடந்ததை நடந்தபடி நாலு வரி எழுதி மாதக் கடைசிக்குள் எனக்குச் சேரும்படி அனுப்பு. முப்பத்தாறு வருஷம் வகுப்பில் நின்று, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா என்று பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டியவன், இப்போது பிள்ளையின் கையெழுத்துக்காகத் தபால்காரரின் மணியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சந்தேகமும் பாசமும் குறையாத,
அப்பா