யாரோ ஒரு பையன், ஜெர்சி, 86

செப்டம்பர் 16, 2006. சனி.

காலையிலிருந்து தூறல். கராஜ் சுத்தம் பண்ணும் வேலை. கொலுப் படிகளை இறக்கியாக வேண்டும், அடுத்த சனி நவராத்திரி ஆரம்பம்.

படிகளுக்குப் பின்னால், பழைய போர்வைக்குள், என் பைக். இருபது இன்ச் சக்கரம். இரண்டு அச்சிலும் ஏறி நிற்க இரும்புக் குழாய்த் துண்டுகள். டயரில் காற்று இல்லை, செயினில் துரு. மற்றபடி என் அளவுக்கு நன்றாகவே இருக்கிறது.

ரவி: "இத டொனேட் பண்ணிடலாமா? நம்ம அனுவுக்கே சின்னதா இருக்கும்."

"பண்ணலாம். என்னையும் சேர்த்துக் குடுத்துடுங்க."

மனிதர் அடுத்த அட்டைப்பெட்டிக்கு நகர்ந்துவிட்டார். நல்ல கணவர். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

மதியம் நெட்டில் தேடினேன். பழைய ஃப்ளாட்லாண்ட் ஆட்களுக்கென்று, அதாவது சமதரையில் சைக்கிள் வித்தை காட்டினவர்களுக்கென்று, ஒரு ஃபோரம் இருக்கிறது. எல்லோருக்கும் தொப்பை. பழைய போட்டோக்களை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் ஒன்று: மால் பார்க்கிங், சுற்றிலும் கயிறு, வேன் மேல் ஸ்பீக்கர். நடுவில் முகம் மூடிய ஹெல்மெட்டோடு ஒரு ஆள். ஒரு கால் முன் சக்கரத்தின் மேல், சைக்கிளின் மிச்ச உடம்பு பக்கவாட்டில் பறக்கிறது.

கீழே எழுதியிருப்பது: யாரோ ஒரு பையன், ஜெர்சி, 86.

அது நான். முழங்கையில் அம்மா தைத்த ஒட்டு தெரிகிறது. அரக்குக் கலர், கிழிந்த புடவையின் பார்டர்.

"அது பையன் இல்லை, நான். பெயர் மாலதி" என்று எழுதிப் போட்டேன். உடனே பதில்கள். நிறையச் சிரிப்பு பொம்மைகள். பாபி என்று ஒருவன், அந்தப் பையனைத் தனக்குத் தெரியும், ஓஹையோக்காரன் என்று அடித்துச் சொல்கிறான். ஸ்காட் என்பவர்தான் ஃபோரத்தை நடத்துகிறார் போல. அவர் மட்டும் மரியாதையாக எழுதியிருந்தார். அக்டோபர் 1, ஞாயிறு, ஜெர்சியிலேயே பழைய ஆட்கள் கூடுகிறோம், நீங்களும் வந்து போட்டோவில் இருக்கும் அந்த டெயில்விப் வித்தையைப் போட்டுக் காட்டுங்களேன்.

வருகிறேன் என்று போட்டாயிற்று. கம்ப்யூட்டரை அணைத்த பிறகுதான் முழங்கால் ஞாபகம் வந்தது. வயது முப்பத்தாறு.

செப்டம்பர் 17. ஞாயிறு.

நல்ல வெயில். செயினுக்கு எண்ணெய். டயர் இரண்டும் புதிது வாங்க வேண்டும். பிரேக் கட்டையும்.

டெக்சாஸுக்கு போன். அப்பா அங்கே ஆலன் ஊரில் என் தம்பி வீட்டில்தான் இருக்கிறார்.

"அப்பா, என் சைக்கிள் கோப்பையெல்லாம் எங்க?"

"நியூ ஜெர்சி வீட்ட காலி பண்றப்பவே தூக்கிப் போட்டாச்சும்மா. எல்லாம் பிளாஸ்டிக். இப்ப எதுக்கு?"

"போட்டோ ஏதாவது?"

"நான் எங்க போட்டோ எடுத்தேன்? வண்டிய எப்படி வெளிய எடுக்கறதுன்னு பாத்துட்டு இருப்பேன்."

உண்மை. மடக்கு நாற்காலி, பேப்பர், அப்பா. என் சுற்று முடிந்த நிமிடமே எழுந்துவிடுவார். "ட்ராஃபிக்குக்கு முன்னாடி கிளம்பணும்." பரிசளிப்பு ஒன்றுக்குக்கூட நின்றதில்லை. கோப்பைகள் தபாலில் வந்தன. ஹெல்மெட்டைக் காரில் ஏறித்தான் கழற்றுவேன். பெண்களுக்குத் தனிப் பிரிவு கிடையாது, பையன்களோடுதான் போட்டி. பெண் என்று நான் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக, கையில் சான்று என்று எதுவும் இல்லை. என் காலும் கையும்தான். பரவாயில்லை, அதுவே போதும்.

செப்டம்பர் 20. புதன்.

கடைசி நோயாளிக்கு ஞானப்பல் எடுத்தேன். நான்கரைக்கு முடிந்தது. கிளினிக் பார்க்கிங் காலி. போன மாதம்தான் புதுத் தார் போட்டார்கள், கன்னம் மாதிரி வழுவழு. தினம் இதன் மேல் கார் ஓட்டி வந்து, தரையைக் கவனிக்கவே இல்லையே நான்.

ஹெல்மெட். தரையைத் தொட்டேன். ஹெல்மெட் விளிம்பில் இரண்டு தட்டு. யோசிக்காமல் கை தானாகச் செய்தது. திருச்சியில் ஒன்பது வயது வரை டான்ஸ் கிளாஸ். மிதிக்கப் போகும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் டீச்சர் ஆட விடமாட்டார். இங்கே வந்ததும் டான்ஸ் போயிற்று, பழக்கம் போகவில்லை. முகம் மூடிய ஹெல்மெட்டுக்குள் கண்ணுக்கு விரல் எட்டாது. அதனால் வெளியே தட்டிக்கொள்வேன், இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று.

பிறகு விழுந்தேன். பிறகும் விழுந்தேன். இடது கை முழுக்கச் சிராய்ப்பு. உடம்புக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் லேட்டாகச் சொல்கிறது.

ரிசப்ஷன் ஜன்னலில், பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

செப்டம்பர் 24. ஞாயிறு.

கொலுவுக்கு ஆட்கள். சுண்டல் (கொண்டைக்கடலை, உப்பு குறைவு). வெற்றிலை இந்த முறை எடிசன் கடையில் வதங்கல்.

சாந்தி ஆன்ட்டி பாடி முடித்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா இது, இப்படி தோல் போயிருக்கு?"

"சைக்கிள்ல விழுந்தேன் ஆன்ட்டி."

"எக்ஸர்சைஸ் சைக்கிளா?"

"இல்ல ஆன்ட்டி, ஓட்டற சைக்கிள். சாகசம் பண்றது."

"அனுவோடதா?"

"என்னோடது."

ஆன்ட்டி ரவியைப் பார்த்தார். ரவி சுண்டல் தட்டைப் பார்த்தார். அனு மாடிப்படியிலிருந்து, "மாம் இஸ் ஹேவிங் அ மிட்லைஃப் க்ரைசிஸ்" என்றாள். இதற்கெல்லாம் இவளுக்குத் தமிழ் நன்றாகப் புரிகிறது.

செப்டம்பர் 27. புதன்.

விழுந்தது.

நான் இல்லை, டெயில்விப். ஏழெட்டு தடவை முயன்ற பிறகு, ஒரே வீச்சில். முன் பிரேக்கை இறுக்கு, ஒரு கால் முன் சக்கரத்தில், மறுகாலால் ஒரு உதை. சைக்கிளின் உடம்பு முழு வட்டம் சுற்றித் திரும்பி வரும்போது அதன் மேலேயே ஏறிவிடு. கால் தரையில் படக் கூடாது. சொல்ல எவ்வளவு சுலபம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நாட்கள். எங்கள் பக்கம் மொத்தமே முப்பது பேர் இருந்தால் அதிகம். சரிவு மேடை கிடையாது, ஒருவரை ஒருவர் முந்துவது கிடையாது. வழவழப்பான தரை எங்கே கிடைக்கிறதோ அதுதான் மைதானம். புது வித்தை ஒன்றை எவனாவது காட்டினால் அடுத்த வாரம் எல்லோரும் அவரவர் வீட்டருகே பார்க்கிங்கில் அதையே போட்டு விழுந்துகொண்டிருப்போம். ரூல் புத்தகம் இன்னும் யாரும் முழுசாக எழுதியிருக்கவில்லை. அந்த நாளில் அந்த ஆட்டத்தில் இருந்தது என் அதிர்ஷ்டம்.

போட்டியில் ஓட்டும்போது போட, பாட்டு கேசட்டை நாமே கொண்டுபோக வேண்டும். ஒரு தடவை வேன்காரர் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டார். மறுபக்கம் அப்பா பதிந்து வைத்த கச்சேரி, சரியாகத் தனியாவர்த்தனம். மிருதங்கத்துக்கே ஓட்டினேன். மூன்றாம் இடம். நடுவர் ஒருவர் டிரம்மர் யார் என்று அப்பாவிடம் வந்து விசாரித்தார். அப்பா கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 30. சனி.

மேகமூட்டம். நாளைக்குத்தான் சரஸ்வதி பூஜை, ஆனால் பூஜையில் வைத்த பைக்கை அன்றே எடுக்கக் கூடாது. ரவி அதற்கும் வழி கண்டுபிடித்தார்.

"இன்னிக்கே பண்ணிடலாம் மாலு. இந்த ஊர்ல எல்லாப் பண்டிகையும் சனிக்கிழமைதான வருது."

நான் மளிகைக்குப் போய் வருவதற்குள் பைக் கொலு முன்னால். துடைத்துப் பளபளப்பாக, சந்தனம் குங்குமத்தோடு, ஹேண்டில்பாரில் பூ. பக்கத்தில் ரவியின் லேப்டாப், என் பல் கருவிகள், அனுவின் வயலின். இருபது வருஷத்தில் அந்தப் பைக்குக்கு இப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை. அவரைப் பார்க்க ஆசையாக இருந்தது. சொல்லவும் செய்தேன்.

அக்டோபர் 1. ஞாயிறு.

வெயில், காற்றே இல்லை. ஃப்ளாட்லாண்டுக்கென்றே செய்த நாள்.

மூடிப்போன ஒரு கடையின் பார்க்கிங். காரில் அனு, "ஹௌ டு யூ ஈவன் வின் திஸ்?" என்றாள். கால் தரையில் படாமல் இருந்தால் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

நாற்பது வயது ஆண்கள், வழுக்கைகள், ஒரு கிரில் அடுப்பு, நாய்கள். ஸ்காட் ஆறடி உயரம், சிவப்புத் தாடி, பிளம்பராம். கை கொடுத்தார். ஓஹையோ பாபியும் இருந்தான். தலையை மட்டும் ஆட்டினான்.

முதல் ஆள் வந்தார். குனிந்து தரையைத் தொட்டார். ஹெல்மெட் விளிம்பில் இரண்டு தட்டு. ஓட்டத் தொடங்கினார்.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்தவரும் தொட்டார், இரண்டு தட்டு. அதற்கடுத்தவர் ஹெல்மெட்டே போடவில்லை, பேஸ்பால் தொப்பி. அதன் விளிம்பில் இரண்டு தட்டு.

இது என்ன என்று ஸ்காட்டிடம் கேட்டேன். ஜெர்சிப் பழக்கம் என்றார். தரையில் மணல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதாம். சரி, அந்த இரண்டு தட்டு? யோசித்தார். தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பையன் செய்வான், பிரமாதமாக ஓட்டுவான், அவனைப் பார்த்து எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது, ராசி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, அந்தப் போட்டோவில் இருக்கிறானே, அவனேதான் என்றார்.

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

முதல் முயற்சி சொதப்பல். முன் பிரேக்கைப் பிடித்தேன், சக்கரம் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. கால் தரையில். பாபி பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். குனிந்து பார்த்தால் ரிம்மைச் சுற்றிலும் சந்தனம், பிரேக் கட்டையில் அப்பியிருந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ரவி தலையில் கை வைத்துக்கொண்டார். "சாரி மாலு. சக்கரத்துக்கும் வெக்கணும்னு வெச்சுட்டேன்."

"கர்ச்சீஃப் குடுங்க."

ரிம்மைத் துடைத்தேன், கட்டையைத் தரையில் தேய்க்க முடியாது, காரில் இருந்த நெயில் ஃபைலால் சுரண்டினேன். இன்னொரு முறை தருவார்களா என்று நான் கேட்கவில்லை. நேராகப் போய் நின்றேன். தரையைத் தொட்டேன். இடது, வலது.

உதைத்தேன். சைக்கிள் சுற்றிப் போயிற்று, சுற்றி வந்தது, என் கால் அதன் மேல் இருந்தது. பதினாறு வயதில் செய்ததைவிடச் சுத்தம். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

கை தட்டினார்கள். பாபியும் தட்டினான். தட்டிவிட்டு, நல்ல டெயில்விப்தான், ஆனால் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாமே, அந்தப் பையன் நீதான் என்று எப்படி நம்புவது என்றான். நியாயமான கேள்வி.

ஸ்காட் என் அருகில் வந்தார். நீங்கள் இரண்டு தட்டையும் ஒரே இடத்தில் தட்டவில்லையே என்றார். நாங்கள் எல்லோரும் நடுவில் தட்டுவோம், நீங்கள் ஏன் பக்கத்துக்கு ஒன்றாகத் தட்டினீர்கள்?

ஹெல்மெட்டைக் கழற்றினேன். அந்தக் கூட்டத்தின் முன்னால் கழற்றியது அதுதான் முதல் தடவை. குனிந்து தரையைத் தொட்டேன். அந்த விரல்களை இடது கண்ணில் ஒற்றினேன், வலது கண்ணில் ஒற்றினேன்.

"மணல் பார்க்கவில்லை" என்றேன். "மிதிக்கப் போகிறோமே என்று தரையிடம் கேட்டுக்கொள்வது. கண் இரண்டு இருக்கிறது. ஹெல்மெட் போட்டால் எட்டாது."

ஸ்காட் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியை எடுத்துவிட்டு, அந்தப் பெரிய உடம்பை மெதுவாக வளைத்துத் தரையைத் தொட்டு, ஒரு கண், அடுத்த கண் என்று ஒற்றிக்கொண்டார். பாபி தாடையைத் தேய்த்தபடி நின்றான். ஓஹையோ பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. வெயில் என்று யாரிடமும் சமாளிக்கவில்லை. அனு ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பரிசளிப்பு முடியும் வரை இருந்தோம். எனக்குப் பரிசு இல்லை. பர்கர் தீய்ந்திருந்தது. ரவி வாழைப்பழம் சாப்பிட்டார்.

அக்டோபர் 2. திங்கள்.

விஜயதசமி. முழங்கால் பந்து மாதிரி. ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாலை அனுவுக்கு வயலின் கிளாஸ், மறக்கக் கூடாது. சுண்டல் மிச்சம் ஃப்ரிட்ஜில்.

நேற்று ராத்திரியே அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "ஓ, நீ கீழ குனியறது அதுக்கா? நான் இவ்வளவு நாளா ஷூ லேஸ்னு நெனச்சேன்" என்றார்.

ஃபோரத்தில் படத்தின் கீழே மாற்றிவிட்டார்கள். மாலதி, ஜெர்சி, 86. நேற்று வராத ஒருவன், பெண்ணா, என்ன சான்று என்று கேட்டிருக்கிறான். ஸ்காட்டின் பதில் ஒரே வரி. அடுத்த தடவை தரையைத் தொடும்போது உன்னையே கேட்டுக்கொள்.

எட்டு மணிக்கு ரூட் கனால். ட்ராஃபிக்குக்கு முன்னாடி கிளம்பணும்.